பதினெட்டு டிகிரி

என் மகன் ரஸலுக்குக் கோபமே வராது. அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் அதுதான். கோபப்படுகிறவனோடு சண்டை போடலாம், ஜெயிக்கலாம். கவலைப்படுகிறவனை என்ன செய்வது? அவன் வாசலில் நின்று நெற்றியைச் சுருக்கினாலே, எனக்கு நானே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

அவன் கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன பிப்ரவரியில் எனக்கு நிமோனியா வந்தது. மாடியில் பின்பக்கத்துப் படுக்கையறையில், கோட்டும் கம்பளித் தொப்பியுமாகப் போர்வைக்குள் கிடந்த என்னைக் கண்டுபிடித்தது அவன்தான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, படுக்கிற அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, போனால் உங்கள் நுரையீரலுக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரஸல் அந்தப் பதினெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். என் பிறந்த நாளையாவது மறப்பான், பதினெட்டை மறக்க மாட்டான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் வைத்தான். இல்க்லியில், அவன் வீட்டிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில், வயதானவர்களுக்கென்றே கட்டிய அடுக்குமாடி. லிஃப்ட் உண்டு, கூப்பிட்டால் ஓடிவர ஆள் உண்டு, அறைக்கு அறை கதகதப்பு உண்டு. அட்டைப் படத்தில் ஒரு கிழவனும் கிழவியும் ஒரு தட்டுக் கீரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீரையைப் பார்த்துச் சிரிக்கிற வயசு எனக்கு இன்னும் வரவில்லை என்றேன். ரஸல் சிரிக்கவில்லை.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் தெரு, வட இங்கிலாந்து ஹாலிஃபாக்ஸில், ஏறினால் மூச்சு வாங்குகிற தெரு. விக்டோரியா ராணி காலத்தில், ஆலைக்காரர்கள் தங்கள் கணக்கப்பிள்ளைகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட கறுத்த கல் வீடுகள். கூரை உயரம், சுவர் தடிமன், ஜன்னல் பெரிசு. ஒரு வீட்டைச் சூடாக்குகிற எரிவாயுவில் இங்கே பாதி வானத்துக்குப் போகும். மற்ற வீட்டுக் கூரைகளில் பனி அப்படியே உட்கார்ந்திருக்கும், என் வீட்டுக் கூரையில் மட்டும் காலை பத்து மணிக்கே உருகி ஓடிவிடும். அதை நான் பல வருஷம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சூடுதான் ஓடு வழியாகப் போய்ப் பனியை உருக்குகிறது என்று பிறகுதான் உறைத்தது.

ஆனால் அது என் வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், இந்த வீட்டை வாங்கக் கடன் கேட்டுப் போனபோது, மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் கணவர் கையெழுத்தைக் கேட்டார். அவர் பிளாக்பூலில் ஒரு மதுக்கடைக்காரியோடு இருக்கிறார், போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். சரி, அப்பா கையெழுத்து? அவர் கல்லறையில் இருக்கிறார், அவரிடமும் கேட்டுப் பாருங்கள் என்றேன். நாலாவது தடவை போனபோது என் கையெழுத்தையே வாங்கிக்கொண்டார்கள். குயின்ஸ்பரி மேட்டில், பனிக்காலத்தில், இரட்டைமாடி பஸ்ஸை ஏற்றி இறக்கி நான் சம்பாதித்த வீடு. இதைவிட்டு, யாரோ ஓடிவந்து "டீ குடிச்சீங்களா?" என்று கேட்கிற இடத்துக்கு நான் ஏன் போக வேண்டும்?

"பின்ரூம்ல பதினெட்டு இருந்தா போதுமில்ல?" என்று கேட்டேன்.

"அது எப்படிம்மா வரும்? இந்த வீட்டுல?"

"வந்தா?"

அவன் யோசித்தான். ரஸல் நேர்மையான பையன், கேள்வி கேட்டால் யோசிப்பான். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, நான் வழக்கமாகப் போடுகிற அளவுக்கே ஹீட்டரைப் போட்டு, பின்னறையில் பதினெட்டு டிகிரி இருந்தால், இனி இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றான். இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு இல்க்லிக்கு வந்துவிட வேண்டும். எழுதிக் கொடு என்றேன். ஒரு தாளில் எழுதினான். இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டினேன்.

மறுநாளே பரணில் ஏறினேன்.

பரண் என்றால் எங்கள் ஊரில் கூரைக்கும் மாடி அறைகளின் மேல்தளத்துக்கும் நடுவில் இருக்கிற இடம். மடக்கு ஏணி போட்டு, மேல்தளத்தில் இருக்கிற சதுரக் கதவைத் தள்ளித் திறந்து, குனிந்தபடிதான் நுழைய வேண்டும். நடுவில் மட்டும் நிமிரலாம். நூற்றி நாற்பது வருஷத்துக் கரி அங்கே உட்கார்ந்திருந்தது. உத்தரங்களுக்கு நடுவில், யாரோ எப்போதோ போட்ட மஞ்சள் பஞ்சு அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. அதற்கு மேல் என் முப்பது வருஷக் குப்பையும், ரஸலின் மொத்த இளமையும்.

ஒரு வாரம் இறக்கினேன். ரஸலின் பள்ளிக்கூட ஓவியங்கள், ஸ்கேட்டிங் காலணி, வாசிக்கத் தெரியாமலே வாங்கிய கிட்டார், அவனுடைய பழைய காதலி ஒருத்தியின் கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில். எல்லாவற்றையும் பதினோரு கறுப்புப் பைகளில் கட்டி, அடுத்த ஞாயிறு அவன் கார் டிக்கியில் நானே ஏற்றினேன். என் வீட்டில் குளிர்கிறது என்று கவலைப்படுகிற ஆள், இருபது வருஷமாக அந்தக் குளிருக்குள் தன் சாமானைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறானே என்றேன். டப்பாவை மட்டும் முன்சீட்டில் வைத்து, "இது உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். முகம் சிவந்து ஓட்டிக்கொண்டு போனான்.

பக்கத்து வீட்டு வின்ஸ் இதையெல்லாம் தன் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது வருஷம் சுவருக்குச் சாந்து பூசியவன், இப்போது மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதே அவன் வேலை. நான் உத்தரத்தில் இருந்து கால் தவறி, படுக்கையறை மேல்தளத்தைப் பொத்துக்கொண்டு இறங்குவேன் என்று மதுக்கடையில் பந்தயம் கட்டியிருந்தான். மேலே இருந்து காலைத் தொங்கவிடுகிற நேரத்தை மட்டும் சொல்லிவிட்டால், தான் கீழே நின்று பார்க்கிறேன் என்றும் சொன்னான். நான் உத்தரங்களின் மேல் பலகை போட்டுத்தான் நடந்தேன். ஒரு காலும் இறங்கவில்லை. வின்ஸ் தோற்றான்.

நவம்பரில், சூடு மேலே போகாமல் தடுக்கிற கண்ணாடிப் பஞ்சுச் சுருள்கள் வந்தன. கூடம், நடைவழி, படிக்கட்டு எங்கும் அவைதான். கழுத்துவரை பொத்தான் போட்டு, கையுறை மாட்டி, முகமூடி கட்டி, உத்தரங்களுக்கு இடையில் ஒரு அடுக்கும், அதன் மேல் குறுக்காக இன்னொரு அடுக்கும் விரித்தேன். என்னதான் மூடினாலும் அந்தப் பஞ்சு உடம்பில் ஏறிவிடும். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் அரிப்பு தாங்காது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மட்டும் பஞ்சு போடாமல் விட்டேன், கீழிருந்து போகிற சூட்டில்தான் தொட்டி உறையாமல் இருக்கும். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது வேறொன்று.

எங்கள் ஜனங்களுக்கு ஜென்ம விரோதி யார் என்று கேட்டால், இடுக்கு வழியாக வருகிற காற்று என்றுதான் சொல்வோம். பிறந்த குழந்தைக்குக்கூட முதலில் சொல்லித் தருவது "கதவைச் சாத்து". கதவடியில் வைக்க, பஞ்சு அடைத்த துணிப் பாம்பு இல்லாத வீடே கிடையாது. என் வீட்டில் அப்படி நாலு பாம்பு. சாவித் துவாரத்துக்கே மூடி போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள், கூரை சாய்ந்து வந்து சுவரைத் தொடுகிற அந்த இறவார இடுக்கில் முழங்காலிட்டு, அங்கிருந்து முகத்தில் ஜில்லென்று காற்று அடித்தபோது என்ன செய்வாள்? இத்தனை வருஷமாக என்னைக் கொன்றது நீதானா என்று, மீதிப் பஞ்சையெல்லாம் அள்ளி, துடைப்பக் கட்டையால் குத்திக் குத்தி அடைத்தேன். வீட்டின் முன்பக்கம் முழுக்க, பின்பக்கம் முழுக்க. ஒரு ஓட்டை விடவில்லை. தீக்குச்சி கொளுத்திப் பார்த்தேன், சுடர் அசையவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அறை சூடாகியது. நிஜமாகவே சூடாகியது. நவம்பர் கடைசியில் பின்னறையில் பத்தொன்பது. அறை வெப்பம் காட்டுகிற குட்டித் திரையைப் போட்டோ எடுத்து ரஸலுக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினான். கையெழுத்துப் போட்ட தாளைத் தாண்டும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன், கீரைக் கிழவி மாதிரி.

டிசம்பர் இரண்டாவது வாரம், அலமாரிக்கு மேலே, மேல்தளத்தில் ஒரு தேநீர்க் கறை நிறத்தில் வட்டம். இரண்டு நாளில் சாப்பாட்டுத் தட்டு அளவு. நாலாவது நாள் காலையில் என் தலையணையில் ஒரு சொட்டு.

ஏறிப் பார்த்தேன். எழுபதுகளில் ஓடு மாற்றியபோது ஓட்டுக்கு அடியில் விரித்த கறுப்புத் தார்ச்சீலை முழுக்க ஈரம். சீலையைப் பொத்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு ஆணி முனையிலும் ஒரு சொட்டு. நான் விரித்த பஞ்சின் மேல்பக்கம் நனைந்து அமுங்கிக் கிடந்தது. கூரை மொத்தமாக ஓட்டையாகிவிட்டது என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

ரஸல் தனக்குத் தெரிந்த ஒரு கூரைக்காரரை அழைத்துவந்தான். அவர் தெருவில் நின்று, கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து ஒரு நிமிஷம் பார்த்தார். பரணில் ஏறவே இல்லை. மொத்தக் கூரையும் போச்சு, பிரித்துத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதற்கு எனக்கு எங்கே வக்கு? ரஸல் சமையலறையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, நீ உன்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சிட்ட" என்றான்.

அந்த வார்த்தை என்னை அடித்துப் போட்டது. அவன் திட்டியிருந்தால்கூட எழுந்து நின்றிருப்பேன். செத்துப் போனவர்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுத் தரகர் அலுவலகத்தில் இருந்து ஒரு ஆள் வந்து, என் முன்தோட்டத்து ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டான். அதன் மேல் சிவப்பு வெள்ளையில் பலகை. 'விற்பனைக்கு'. தெருவே பார்த்தது. வின்ஸ்கூட அன்றைக்கு ஜன்னலில் இல்லை. அவன் கிண்டல் செய்யாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை கடும் உறைபனி. மார்க்கெட்டுக்குப் போக பஸ் ஏறினேன். மேல்மாடியில், முன்பக்க சீட்டில் உட்கார்ந்தேன், அது ஓட்டுநருக்கு மேலே இருக்கிற இடம், எனக்கு அதுதான் பிடிக்கும். வண்டி நிறைய ஆட்கள், எல்லா ஜன்னலும் இறுக்கி மூடியிருந்தது. கண்ணாடி முழுக்க ஆவி, அதிலிருந்து நீர் கோடு கோடாக வழிந்தது. மேல்தகரத்தில் கோத்திருந்த நீர் ஒரு வளைவில் குலுங்கி என் கை மேல் சொட்டியது.

என்ன ஜனங்கள் என்று கோபம் வந்தது. முப்பத்தொரு வருஷம் இவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டியிருக்கிறேன். நான் ஒரு ஜன்னலைத் திறந்தால் உடனே ஒரு அம்மா எழுந்து மூடுவாள், குளிர்காற்று வருதாம். பிறகு அதே அம்மா இறங்கும்போது, சட்டைக்கை நனைந்துவிட்டது, உங்கள் வண்டிக் கூரை ஒழுகுகிறது என்று என்னிடம் சண்டைக்கு வருவாள். ஒழுகவில்லை அம்மா, அது நீங்க விட்ட மூச்சு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். முன்னால் ஒரு ஜன்னலும் பின்னால் ஒரு ஜன்னலும் இரண்டு விரல் அளவு திறந்தால் போதும், அரை மைலில் கண்ணாடி காய்ந்துவிடும்.

கையில் விழுந்த சொட்டைப் பார்த்தேன். பிறகு யோசித்தேன். போன புதன்கிழமை நாள் பூராவும் கொட்டோ கொட்டென்று மழை. அன்றைக்கு என் வீட்டு மேல்தளம் சொட்டவில்லை. சொட்டுவதெல்லாம் இன்றைக்கு மாதிரி, மழையே இல்லாத, காய்ந்த உறைபனி நாளில்.

மணியை அடித்து, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினேன். மேடு ஏறி நடந்து வந்தேன். என் நுரையீரல் விசில் அடித்தது, அடிக்கட்டும். கூரை ஒழுகவில்லை. என் குளியலறை ஆவி, சமையல் ஆவி, என் மூச்சு எல்லாம் பரணுக்கு ஏறுகிறது. முன்பெல்லாம் அது இறவார இடுக்கு வழியாகக் காற்றோடு போய்விடும். இப்போது பரணோ ஐஸ் பெட்டி, ஏனென்றால் சூட்டையெல்லாம் நான் கீழேயே பிடித்து வைத்துவிட்டேன். வெளியே போகிற வழியையும் துடைப்பக் கட்டையால் குத்தி அடைத்துவிட்டேன். பயணிகளைத் திட்டிய அதே ஓட்டுநர் ஹேஸல் ஆக்ராய்ட், தன் வீட்டின் எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பரணில் ஏறி, இறவாரத்தில் அடைத்த பஞ்சை வெறும் கையால் பிடுங்கினேன். காற்று முகத்தில் அடித்தது. மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் வரவிட்டேன். இன்னொரு பிரச்சினை இருந்தது. சும்மா விட்டால் பஞ்சு மறுபடி சரிந்து இடுக்கை மூடிவிடும். ஒவ்வொரு இரண்டு கைமரத்துக்கும் நடுவில், பஞ்சைத் தள்ளிப் பிடிக்கிற மாதிரியும், தார்ச்சீலைக்குக் கீழே இரண்டு விரல் காற்று ஓடுகிற மாதிரியும் ஏதாவது தகடு வைக்க வேண்டும். லேசாக இருக்க வேண்டும், ஈரத்தில் ஊறக்கூடாது. முன்பக்கம் பன்னிரண்டு, பின்பக்கம் பன்னிரண்டு.

அப்படி ஒரு பொருளுக்கு எங்கே போவது என்று முன்னறை ஜன்னல் வழியாக வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்ததே அதைத்தான்.

அந்த விற்பனைப் பலகை மரமில்லை. உள்ளே வரிவரியாகக் கூடு ஓடுகிற பிளாஸ்டிக் அட்டை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அளந்தேன். ஒரு அட்டைக்கு நாலு துண்டு, ஒரு பலகைக்கு எட்டு. எனக்கு இருபத்து நாலு வேண்டும்.

தரகர் அலுவலகத்துக்கு போன் செய்தேன். குரல் இனிமையான ஒரு பெண் எடுத்தாள். என் வீடு மேட்டில் இருப்பதால் பலகை சரியாகத் தெரியவில்லை, பின்சந்துப் பக்கம் ஒன்றும் பக்கச் சுவரோரம் ஒன்றும் வைத்தால் நன்றாக இருக்கும் என்றேன். இவ்வளவு ஆர்வமான விற்பனையாளரைத் தான் பார்த்ததே இல்லை என்று அவள் சந்தோஷப்பட்டாள். மறுநாள் மதியத்துக்குள் இரண்டும் வந்துவிட்டன.

வந்த ஆளின் வண்டி திருப்பத்தில் மறைந்ததும், மூன்றையும் இறக்கி வாசற்படியில் போட்டேன். ரொட்டி அறுக்கிற கத்தியை எடுத்துவந்து, பட்டப்பகலில், தெருவைப் பார்த்து உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தேன். ஒளித்துச் செய்ய இதில் ஒன்றுமில்லை.

வின்ஸ் வெளியே வந்தான்.

"ஏம்மா ஹேஸல், அது அவங்க சொத்தில்ல?"

"என் தோட்டத்துல முளைச்சுது. நான் அறுக்கறேன்."

"சட்டம் அப்படிச் சொல்லாதே."

"சட்டத்துக்குப் பரண் இருந்தா அது வந்து பேசட்டும். நீ சும்மா நிக்கறதுக்கு அந்த முனையைப் பிடி."

பிடித்தான். அன்று மதியமும் மறுநாளும், நான் மேலே முழங்காலிட்டு நகர, அவன் ஏணியில் நின்று ஒவ்வொரு துண்டாக நீட்டினான். நான் கைமரங்களுக்கு நடுவில் வைத்து ஆணி அடித்தேன். கடைசியாக, பரண் கதவின் ஓரம் முழுக்க ரப்பர் பட்டை ஒட்டினேன். கீழிருந்து ஆவி மேலே ஏறுகிற பெரிய வாசல் அதுதான், அதை மூடலாம். எதை மூட வேண்டும், எதைத் திறந்துவிட வேண்டும் என்று தெரிவதற்கு எனக்கு அறுபத்தெட்டு வயசு ஆகியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு ரஸல் வீட்டுக்குப் போனேன். வான்கோழி சாப்பிட்டேன், காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டேன், பலகையைப் பற்றி மூச்சுவிடவில்லை. தரகர்களும் விடுமுறையில் இருந்தார்கள். வீட்டில் மேல்தளத்து வட்டம் ஓரத்தில் இருந்து மெதுவாகக் காய்ந்துகொண்டு வந்தது. ஆணி முனைகளில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் ஒன்று இருந்தது. ஒரு மூலையில் நனைந்து கெட்ட பஞ்சை எடுத்து எறிய வேண்டியிருந்தது, அதற்குப் பதில் போட என்னிடம் நல்ல பஞ்சு இல்லை, இறவாரத்தில் பிடுங்கியதும் ஊறிப்போயிருந்தது, கடையிலும் பண்டிகை முடியும்வரை இல்லை. பின்னறை பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஊசலாடியது.

ஜனவரி முதல் ஞாயிறு. வெளியே மைனஸ் நாலு. கண்ணாடி ஜன்னலின் வெளிப்பக்கம் பனிப்பூ. ரஸல் தான் தக்காளி வளர்க்கிற கண்ணாடிக் குடிலில் தொங்குகிற பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்திருந்தான், உள்ளே சிவப்புக் கோடு ஏறி இறங்குமே, அது. என் குட்டித் திரையை அவன் நம்பவில்லை. நானும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏஜென்ட் போன் பண்ணினாங்க. நீ இன்னும் ரெண்டு போர்டு கேட்டியாமே?" என்றான். முகத்தில் ஒரு நிம்மதி. அம்மா ஒருவழியாக மனசு மாறிவிட்டாள் என்ற நிம்மதி. பிறகு ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தான். "ஒண்ணுகூட காணோமே. காத்துல போயிடுச்சா?"

"காத்துக்குத்தான் போச்சு. தெர்மாமீட்டரை மாட்டிட்டு மேல ஏறிப் பாரு."

கட்டில் தலைமாட்டில் அதை மாட்டிவிட்டு ஏறினான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் அவன் முழங்கால் நகர்கிற சத்தம் கேட்டது. டார்ச் வெளிச்சம் அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் வந்தது. பிறகு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அவன் என்ன பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். கறுப்புச் சீலைக்கு அடியில், வரிசையாக, சிவப்பும் வெள்ளையுமாக இருபத்து நாலு துண்டு. ஒன்றில் 'விற்' என்று இருக்கும், அடுத்ததில் 'பனை' தலைகீழாக இருக்கும், ஒரு மூலையில் தரகரின் போன் நம்பர் பாதியும் இன்னொரு மூலையில் மீதியும் இருக்கும். எல்லாம் காய்ந்து கிடக்கும்.

"அம்மா" என்று மேலே இருந்து குரல் வந்தது.

"சொல்லு."

"இதெல்லாம் நீயே அடிச்சதா?"

"ஆணியெல்லாம் நேரா இருக்கா பாரு. கோணலா இருந்தா அது வின்ஸ் கொடுத்த ஆணி."

இறங்கி வந்தபோது அவன் தலையெல்லாம் ஒட்டடை. பின்னறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். போகிற போக்கில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டான். அந்த அறையில், ஜனவரி மாதத்தில், யாரும் கோட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அவனுக்கே அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

இருவரும் தெர்மாமீட்டரைப் பார்த்தோம். கால் மணி நேரம் பார்த்தோம். சிவப்புக் கோடு பதினேழுக்கும் பதினெட்டுக்கும் சரியாக நடுவில் வந்து நின்றது. அதற்குமேல் அசையவில்லை.

அரை டிகிரி. மேலே ஒரு மூலையில் பஞ்சு இல்லாத அந்த ஒரு சின்னச் சதுரம்தான் அந்த அரை டிகிரி. அதைச் சொல்லலாம், ஆனால் சாக்கு மாதிரி இருக்கும். தாளில் பதினெட்டு என்றுதான் இருக்கிறது, கையெழுத்து என்னுடையது.

ரஸல் எழுந்து போய்த் தெர்மாமீட்டரைக் கழற்றினான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றான். ரொம்ப நேரம் நின்றான். அவன் தோள் அசையவில்லை. எட்டிப் பார்த்தேன். அதன் அடியில் இருக்கிற குமிழை உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டிருந்தான், குருவிக் குஞ்சைப் பிடித்திருக்கிறவன் மாதிரி. பிறகு திரும்பினான்.

"பதினெட்டும்மா" என்றான். கண் கலங்கியிருந்தது. "பதினெட்டு தாண்டியே இருக்கு. பாரு."

என் வாழ்க்கையில் அவ்வளவு அன்பாக யாரும் எனக்காகப் பொய் சொன்னதில்லை. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் இந்த வீட்டை நான் யாருடைய கையெழுத்தையும் கடன் வாங்கி வாங்கவில்லை. இப்போது யாருடைய கைச்சூட்டையும் கடன் வாங்கி இதில் இருக்க மாட்டேன்.

"கையை எடுடா" என்றேன்.

எடுத்தான். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு இறங்கி வந்து, பழைய இடத்தில் நின்றது.

குளிர்பெட்டிக் கதவில் இருந்து தாளை எடுத்துவந்து, பேனாவையும் அவன் கையில் கொடுத்தேன்.

"பதினேழரைன்னு எழுது. எழுதிட்டு, அம்மா பதினேழரையிலயே இங்கதான் இருப்பாள்னு அடியில எழுது. டாக்டரம்மா கேட்டா அந்த அரையை அடுத்த வாரம் பஞ்சு வந்ததும் போட்டுக்கறேன்னு சொல்லு. ஏஜென்ட் கேட்டா போர்டு மூணையும் நல்ல இடத்துல மாட்டியாச்சுன்னு சொல்லு."

"பேச்சு பேச்சா இருக்கணும்னு நீதானேம்மா சொல்வே?"

"ஆமா. பந்தயத்துல தோத்துட்டேன். போகமாட்டேங்கறேன். ரெண்டும் சேத்தே எழுது."

அவன் தாளை முழங்கால் மேல் வைத்து எழுதினான். இரண்டு வரி. கையெழுத்துப் போட்டான், நானும் போட்டேன். பிறகு கீழே போய்க் கெட்டிலை வைத்தேன். மாடியில் அவன் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டது, மாலை நாலு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போதுதான்.